இதயத்துக்கு உகந்த கொழுப்பு: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது எண்ணெயில்தான். சமையலில் எண்ணெய் பாதியாகிறது. பாதாம், நிலக்கடலை வாங்குவது நின்றுபோகிறது. ‘கொழுப்பு இல்லாதது’ என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கட் அலமாரிக்கு வருகிறது. சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால் கெட்ட கொலஸ்ட்ரால் பெரிதாக இறங்கியிருக்காது. ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறியிருந்தாலும் ஆச்சரியமில்லை. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ஏன் இப்படி என்று மனம் சோர்ந்துபோகிறது.

கொழுப்பைக் குறைத்தோமா என்பது பாதிக் கேள்விதான். எந்தக் கொழுப்பை எடுத்தோம், அது போன இடத்தில் எதை வைத்தோம் என்பது மீதிப் பாதி. இதயத்துக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில், உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொழுப்பும் கொலஸ்ட்ராலும் நீரில் கரையாதவை. ரத்தமோ பெரும்பாலும் நீர். அதனால் புரதம் சேர்ந்த சிறு துகள்களில் ஏற்றித்தான் உடல் அவற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புகிறது. அந்தத் துகள்களில் ஒரு வகைதான் எல்.டி.எல், நாம் கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்வது. ரத்தத்தில் இது அதிகமாக, அதுவும் பல ஆண்டுகள் தொடர்ந்து அதிகமாக இருந்தால், ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் வந்து அதை விழுங்குகின்றன, விழுங்கியவை அங்கேயே தங்குகின்றன, வீக்கம் உண்டாகிறது, படிவு வளர்கிறது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் இது நடந்தால் மாரடைப்பு.

உணவு எங்கே குறுக்கிடுகிறது? ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்து அகற்றுவது கல்லீரல். அதன் செல்களின் மேல் இதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பை அதிகமாகச் சாப்பிட்டால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது, எல்.டி.எல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. கொட்டை, மீன், பெரும்பாலான தாவர எண்ணெய்கள் இவற்றில் மிகுந்துள்ள நிறைவுறா கொழுப்பு, குறிப்பாகப் பன்மை நிறைவுறா கொழுப்பு, அந்த வேலையைத் திரும்ப முடுக்கிவிடுகிறது. ஒரு கொழுப்பு எல்.டி.எல்-ஐ ஏற்றவும் இன்னொன்று இறக்கவும் முடிவது இதனால்தான்.

உணவிலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது இது. முட்டை மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் அதிகம், உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ரத்த அளவைக் கூடுதலாக மாற்றுவது உணவிலுள்ள கொலஸ்ட்ரால் அல்ல, நிறைவுற்ற கொழுப்பு. முட்டையைப் பார்த்துப் பயந்து அதே தட்டில் இருக்கும் வெண்ணெயைக் கவனிக்காமல் விடுவதுதான் பலரும் செய்வது. சர்க்கரை நோயோ இதய நோயோ ஏற்கெனவே இருப்பவர்கள் முட்டையின் அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, கொழுப்பின் குடும்பங்களைப் பிரித்துப் பாருங்கள்

நிறைவுற்ற கொழுப்பு: அறை வெப்பநிலையில் பெரும்பாலும் கட்டியாக இருக்கும். வெண்ணெய், நெய், கொழுப்புள்ள இறைச்சி, தோலோடு கோழி, கிரீம், பாலாடைக்கட்டி, தேங்காய் எண்ணெய், பாமாயில், அப்புறம் கடையில் வாங்கும் கேக், பேஸ்ட்ரி, சாக்லேட் எல்லாவற்றிலும் உண்டு.

ஒற்றை நிறைவுறா கொழுப்பு: ஆலிவ் எண்ணெய், கனோலா எண்ணெய், கடலை எண்ணெய், பாதாம், முந்திரி, அவகாடோ.

பன்மை நிறைவுறா கொழுப்பு: சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய், மக்காச்சோள எண்ணெய், வால்நட், ஆளி விதை, சியா விதை, கொழுப்புள்ள மீன். ஒமேகா 3, ஒமேகா 6 என்று கேள்விப்படுவதெல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நல்லெண்ணெயில் ஒற்றை வகையும் பன்மை வகையும் ஏறக்குறையச் சரிசமமாக இருக்கின்றன.

டிரான்ஸ் கொழுப்பு: இதைப் பற்றிப் பின்னால் தனியாகவே பேச வேண்டும்.

எந்த எண்ணெயும் ஒரே வகைக் கொழுப்பால் ஆனதில்லை. எது மிகுதி என்பதுதான் கணக்கு. தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. ஆலிவ், சோயா, நல்லெண்ணெய் மூன்றிலும் சுமார் 15 விழுக்காடு. சூரியகாந்தியில் 11, கனோலாவில் 7 என்று இறங்கிக்கொண்டே போகும். இந்த வரிசை நினைவில் இருந்தால் கடையில் எண்ணெய் எடுக்கும்போது விளம்பரத்தை நம்ப வேண்டிய தேவை இருக்காது.

தேங்காய் எண்ணெய் பற்றி நிறைய நல்ல வார்த்தைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அது எச்.டி.எல் என்ற நல்ல கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்பது சரிதான். ஆனால் கூடவே எல்.டி.எல்-ஐயும் உயர்த்துகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்-ஐ டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுவதாகத் தெரிந்தது. எச்.டி.எல் ஏறுவது இதை ஈடுகட்டிவிடும் என்று சொல்ல முடியாது, எச்.டி.எல்-ஐ மட்டும் உயர்த்திய மருந்துகள் மாரடைப்பைக் குறைக்கவில்லை. சுவைக்காக எப்போதாவது சேர்ப்பதில் பெரிய சிக்கல் இல்லை. தினசரிச் சமையலுக்கான முதன்மை எண்ணெயாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் தட்டில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

மாற்றத் தொடங்கும் முன் மூன்று நாள் சாப்பிடுவதை எல்லாம் எழுதி வையுங்கள். அதில் ஒரு விடுமுறை நாளும் இருக்கட்டும். விடுமுறை நாளின் தட்டு வேறு மாதிரி இருக்கும். இந்த மூன்று நாளில் எதையும் திருத்த வேண்டாம், வழக்கம்போலவே சாப்பிடுங்கள்.

எவ்வளவு இருக்கலாம்? உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மொத்தக் கலோரியில் கொழுப்பு 30 விழுக்காட்டுக்குள், நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டுக்குள், டிரான்ஸ் கொழுப்பு 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் உச்ச அளவு சுமார் 22 கிராம். எல்.டி.எல் ஏற்கெனவே அதிகமாக உள்ளவர்கள் 5 முதல் 6 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கிறது அமெரிக்க இதய சங்கம். அது 11 முதல் 13 கிராம்தான்.

இப்போது எழுதி வைத்ததை எடுத்துப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 7 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11 கிராமுக்கும் மேல்; இரண்டு கரண்டியிலேயே நாள் கணக்கு முடிந்துவிடும். 30 கிராம் பாலாடைக்கட்டியில் 5 முதல் 6 கிராம். ஒரு குவளை முழுக்கொழுப்புப் பாலில் 4.5 கிராம் அளவில். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் 2 கிராம். துல்லியமாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. எந்த இரண்டு மூன்று உணவிலிருந்து பெரும்பகுதி வருகிறது என்று தெரிந்தால் போதும். பலருக்கு அது சமையல் எண்ணெயாக இருப்பதில்லை. மாலையில் கொறிக்கும் பொட்டலத்திலும், காப்பியோடு வரும் கேக்கிலும், வாரக் கடைசி இறைச்சியிலும் ஒளிந்திருக்கும்.

இனி, எடுத்த இடத்தில் சரியானதை வையுங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு மைதா ரொட்டி, சர்க்கரை, இனிப்புப் பானம் என்று வைத்தால் இதயத்துக்குக் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட இல்லை. எல்.டி.எல் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல் இறங்கும். பல ஆண்டுகள் சந்தையை ஆண்ட ‘குறைந்த கொழுப்பு’ உணவுகளில் நிறையவற்றில் போன கொழுப்பின் இடத்தை நிரப்பியது சர்க்கரையும் மாவுப் பொருளும்தான். அதே கொழுப்பை எடுத்துவிட்டுப் பன்மை நிறைவுறா கொழுப்பை வைத்தால் கதை வேறு. இப்படி மாற்றிய கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க இதய சங்கம், இதய நோய் சுமார் 30 விழுக்காடு குறைவதாக 2017இல் அறிவித்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாடின் மருந்தால் கிடைக்கும் பலனுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவு இது. முழுத் தானியம் போன்ற நார்ச்சத்துள்ள மாவுப்பொருளை வைத்தாலும் நன்மை உண்டு.

ஒரு நாட்டில் இது பெரிய அளவில் நடந்தே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பின்லாந்தின் ஆண்கள் இதய நோயால் இறக்கும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதிலும் கிழக்கே உள்ள வட கரேலியா மிக மோசம். ரொட்டியில் வெண்ணெய், சமையலில் வெண்ணெய், குடிக்க முழுக்கொழுப்புப் பால். 1972இல் பெக்கா புஸ்கா என்ற மருத்துவர் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், கொழுப்பு நீக்கிய பால், கூடுதல் காய்கறி என்று வீடு வீடாகப் பழக்கம் மாறியது. உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் இறப்பு அடுத்த 40 ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. புகைப்பழக்கமும் ரத்த அழுத்தமும் குறைந்ததும், சிகிச்சை மேம்பட்டதும் இதில் சேர்த்தி. ஆனாலும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரால் குறைந்ததன் பங்குதான் பெரிதாக இருந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், யாரும் பட்டினி கிடக்கவில்லை, கொழுப்பே இல்லாமல் சாப்பிடவில்லை என்பது.

சரி, நடைமுறையில் எப்படி? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது வெண்ணெய் என்றால், ரொட்டியில் தடவுவதற்குச் சர்க்கரை சேர்க்காத நிலக்கடலை வெண்ணெயோ மசித்த அவகாடோவோ பயன்படும். சமையலுக்கு வெண்ணெய் போடும் இடத்தில் திரவத் தாவர எண்ணெய். இறைச்சி என்றால், வாரத்தில் சில வேளை அதை மீனாகவோ பருப்பு, பயறு, கொண்டைக்கடலையாகவோ மாற்றுங்கள். பதப்படுத்திய தொத்திறைச்சியை முதலில் விடுங்கள், அதில் உப்பும் சேர்ந்து கெடுக்கிறது. மாலை நேரப் பொட்டலம் என்றால் வேலை இன்னும் எளிது: உப்பும் சர்க்கரையும் சேர்க்காத கொட்டை வகை ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம். பாதாமோ வால்நட்டோ நிலக்கடலையோ, விலை குறைந்தது எதுவோ அதுவே போதும்.

பால் பொருட்களில் ஒரு நுணுக்கம் உண்டு. தயிரிலும் பாலாடைக்கட்டியிலும் உள்ள கொழுப்பு, அதே அளவு கொழுப்புள்ள வெண்ணெயைப் போல எல்.டி.எல்-ஐ ஏற்றுவதில்லை. ஆகவே தயிரை நிறுத்த அவசரப்பட வேண்டாம். வெண்ணெயும் கிரீமும் முதலில் போகட்டும்.

ஆலிவ் எண்ணெய்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். ஸ்பெயினில் நடந்த ப்ரெடிமெட் ஆய்வில் 55 வயது தாண்டிய, இதய நோய் அபாயம் மிகுந்த 7,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். காய்கறி, பழம், பருப்பு வகை, மீன் மிகுந்த மத்திய தரைக்கடல் உணவோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டை வகையோ சேர்த்துச் சாப்பிட்ட குழுக்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு மூன்றும் சேர்ந்த கணக்கு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. குழுப் பிரிப்பில் சில குறைகள் இருந்ததால் 2013இல் வந்த கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான். கொட்டை சாப்பிட்ட குழுவுக்கும் பலன் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். ஆலிவ் எண்ணெய் விலை கூடுதலாகத் தெரிந்தால் சூரியகாந்தி, கனோலா, சோயா, கடலை எண்ணெய் எதையும் தயங்காமல் எடுக்கலாம்.

விதை எண்ணெய்களில் உள்ள ஒமேகா 6 உடலில் வீக்கத்தை உண்டாக்கும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. ஒமேகா 6 வகையான லினோலெயிக் அமிலம் அதிகம் சாப்பிடுபவர்களிடம் இதய நோய் குறைவாகவே காணப்படுகிறது. பயப்பட வேண்டியது வேறு: ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பது. அதில் எண்ணெய் சிதைகிறது. பொரிப்பதைக் குறைத்து வதக்கலுக்கும் வேகவைப்பதற்கும் மாறினால் இந்தக் கவலையே எழாது. எண்ணெயை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் வெளிச்சம் படாத இடத்தில் மூடி வையுங்கள். காறல் வாடை வந்துவிட்டால் கொட்டிவிடலாம்.

டிரான்ஸ் கொழுப்பை முழுதாக வெளியேற்றுங்கள்

மற்ற கொழுப்புகளில் அளவு பார்க்கலாம். தொழிற்சாலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பில் நல்ல அளவு என்று ஒன்று இல்லவே இல்லை.

திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கட்டியாக்கும் முறைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் காப்புரிமை பெற்றார். வனஸ்பதியும் பழைய மார்கரினும் அந்த வழியில் வந்தவை. மலிவு, நாள்பட இருக்கும், பிஸ்கட்டுக்கு மொறுமொறுப்பு தரும். ஹைட்ரஜனேற்றத்தைப் பாதியில் நிறுத்தும்போதுதான் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. இது எல்.டி.எல்-ஐ ஏற்றுவதோடு எச்.டி.எல்-ஐ இறக்கவும் செய்கிறது என்று 1990இல் நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் மென்சிங்க், காட்டான் இருவரும் காட்டினார்கள். மொத்தக் கலோரியில் வெறும் 2 விழுக்காடு டிரான்ஸ் கொழுப்பு கூடினாலே இதய நோய் சுமார் 23 விழுக்காடு கூடுவதாகப் பின்னால் வந்த ஆய்வுகளின் தொகுப்பு சொன்னது. டென்மார்க் 2003இல் முதல் நாடாகச் சட்டம் போட்டு இதற்கு வரம்பு விதித்தது. அதன்பின் பல நாடுகள் தொடர்ந்தன.

கடையில் பொட்டலத்தைத் திருப்பி, மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். ‘பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த தாவர எண்ணெய்’ என்றோ வனஸ்பதி என்றோ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். டிரான்ஸ் கொழுப்பு 0 என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்றே அச்சிட அமெரிக்கா போன்ற இடங்களில் விதி இடம் தருகிறது. அதே அட்டையில் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்துவிடுங்கள். 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் என்றால் அதிகம், 1.5 கிராம் அல்லது அதற்கும் கீழே என்றால் குறைவு; இது பிரிட்டனில் பயன்படுத்தும் அளவுகோல், எங்கேயும் உதவும்.

மீனும் ஒமேகா 3உம்

மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்புள்ள மீன் வாரத்துக்கு இரண்டு வேளை போதும். பொரிக்காமல் சமைத்தால் நல்லது. மீன் சாப்பிடாதவர்கள் ஆளி விதை, சியா விதை, வால்நட் சேர்க்கலாம். இவற்றிலுள்ள ஒமேகா 3 வேறு வகை. உடல் அதில் சிறு பகுதியைத்தான் மீனில் உள்ள வகையாக மாற்றுகிறது. இருந்தாலும் அதற்கென்று ஒரு நன்மை உண்டு. ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள், முழுதாக விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமலே போய்விடும்.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றி என் கருத்து நேரானது: மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். இதய நோய் இல்லாதவர்களுக்கு அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதாகப் பெரிய ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்பு சீர்கெடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

அளவை மறக்க வேண்டாம்

நல்ல கொழுப்பிலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், எந்த எண்ணெயானாலும், சுமார் 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே சாப்பிடுவதோடு கொட்டையையும் ஆலிவ் எண்ணெயையும் கூடுதலாகச் சேர்த்தால் எடைதான் ஏறும். அதே சமயம் கொழுப்பை அறவே ஒதுக்குவதும் சரியில்லை; ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர அது வேண்டும்.

பலனை அளந்து பாருங்கள்

தொடங்கும்போது ஒரு லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, எடுத்து வையுங்கள். மாற்றத்தை விடாமல் கடைப்பிடித்தால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபரிசோதனையில் வித்தியாசம் தெரியும். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது எல்.டி.எல். அடுத்து, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்-ஐக் கழித்து வரும் எண். கெடுதல் செய்யும் துகள்கள் எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்காவிட்டாலும் அந்த எண்ணை நம்பலாம்.

நிறைவுற்ற கொழுப்பை நன்றாகக் குறைத்தால் எல்.டி.எல் பொதுவாக 8 முதல் 10 விழுக்காடு இறங்கும். ஓட்ஸ், பார்லி, பருப்பு வகையில் உள்ள கரையும் நார்ச்சத்தும் சேர்ந்தால் இன்னும் சில விழுக்காடு. எல்.டி.எல் டெசிலிட்டருக்கு 130 மில்லிகிராம் இருப்பவருக்கு இது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். 190க்கு மேல் இருப்பவருக்கோ, ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கோ உணவு மட்டும் போதாது. அவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆலிவ் எண்ணெயை நம்புவது ஆபத்து. மாத்திரையும் உணவும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

எவ்வளவு கவனமாகச் சாப்பிட்டும் எல்.டி.எல் 190ஐ விட்டு இறங்காதவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எல்.டி.எல்-ஐப் பிடிக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே குறைபட்டிருக்கும் பரம்பரை நிலை ஒன்று உண்டு. 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அது உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. சிறு வயதிலேயே தெரிந்தால் குழாய்களில் படிவு சேரும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடலாம்.